மறுத்துப் பேசும் பிள்ளை

மார்கழித் திருவிழாவின் மூன்றாம் நாள் இரவில், சுசீந்திரத்தில் ஒரு தெய்வக் குடும்பம் ஒன்று கூடுகிறது. கோட்டாற்றிலிருந்து வலம்புரி விநாயகரும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், மருங்கூரிலிருந்து சுப்பிரமணிய சுவாமியும் தாய் தந்தையரைக் காண எழுந்தருளுகின்றனர். 'மக்கள்மார் சந்திப்பு' என்று நாஞ்சில் நாட்டார் இதனை அன்புடன் அழைப்பர். திரளும் அடியார் கூட்டத்தில் பாட்டன்மாரின் தோளில் அமர்ந்து தரிசிக்கும் பேரக் குழந்தைகளும் இருப்பார்கள்.

ஒரே கனிக்காக இரு பிள்ளைகள் போட்டியிட்ட கதையை அறியாத தமிழ்க் குடும்பம் இல்லை. மூத்தவருக்குக் கனி கிடைத்தது. இளையவர் சினந்து மலையேறினார். பெற்றோரின் தீர்ப்பையே ஏற்காத பிள்ளை அவர். எனினும் அவரை அன்பில்லாத பிள்ளை என்று எந்தப் புராணமும் சொல்லவில்லை. அன்னை அவரைத் தேடிச் சென்றாள். அப்பனுக்கே பொருளுரைத்த சுவாமிநாதனாகவும் அவரை உலகம் போற்றுகிறது. மறுத்துப் பேசிய பிள்ளையும் மறுக்காத பிள்ளையும் ஒரே வீதியில் தாய் தந்தையரைக் காண வரும் காட்சியில் ஒரு பெரிய குடும்பப் பாடம் அடங்கியிருக்கிறது.

இக்காலத்தில் பல இல்லங்களில் கேட்கும் குறை இது: 'பிள்ளைகள் எதிர்த்துப் பேசுகிறார்கள், எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்கிறார்கள்.' குறையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் இரண்டு வெவ்வேறு செயல்கள் இங்கே ஒரே பெயரால் சுட்டப்படுகின்றன. ஒரு கருத்தை மறுப்பது ஒன்று. அக்கருத்தைச் சொன்னவரை இழிவுபடுத்துவது மற்றொன்று. முன்னது அறிவின் வேலை. பின்னது ஆணவத்தின் வேலை. பின்னதைத் தடுக்கப் புகுந்து முன்னதையும் சேர்த்து அடக்கிவிட்டால், குழந்தை பணிவைக் கற்பதில்லை. வாய்மூடி இருப்பதையே கற்கிறது. வாய்மூடிய பிள்ளை பிற்காலத்தில் ஒன்று பொய் சொல்லும், அல்லது ஒருநாள் வெடித்துப் பேசும்.

மரியாதையோடு மறுப்பது எப்படி என்பதைக் கற்பிக்கச் சுசீந்திரத்திலேயே ஓர் ஆசிரியர் நின்றுகொண்டிருக்கிறார். 18 அடி உயரத்தில், ஒரே கல்லில் அமைந்த ஆஞ்சநேயர் அவர். வடைமாலையும் வெண்ணெய்க் காப்பும் சாத்தி அவரை வணங்குவோர், அவருடைய வலிமையை நினைத்தே பெரும்பாலும் வேண்டுகிறார்கள். அவர் கடலைத் தாண்டியதைப் போலவே எண்ணிப் பார்க்கத் தக்கது, கடற்கரையில் அவர் பேசிய ஒரு பேச்சு.

இலங்கையைத் துறந்து விபீஷணன் வந்து நிற்கிறான். அவனைச் சேர்த்துக்கொள்ளலாமா என்பது கேள்வி. பகைவனின் தம்பி, ஒற்றனாகத்தான் வந்திருப்பான் என்று சுக்ரீவன் உறுதியாகச் சொல்கிறான். இராமபிரான் உடனே முடிவெடுக்காமல் ஒவ்வொருவர் கருத்தையும் கேட்கிறார். குணமும் குற்றமும் ஆராய வேண்டும் என்கிறான் அங்கதன். ஒற்றரை ஏவி அறிய வேண்டும் என்கிறான் சரபன். வந்த இடமும் காலமும் ஐயத்துக்குரியவை என்கிறார் ஜாம்பவான். பக்குவமாகக் கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம் என்கிறான் மைந்தன். இத்தனை பேருக்கும் மாறான கருத்து அனுமனுடையது. அங்கே சுக்ரீவன் அவனுடைய அரசன். ஜாம்பவான் வயதில் மூத்தவர்.

வால்மீகி முனிவர் காட்டும் அனுமன் முதலில் தன் நோக்கத்தைத் தெளிவுபடுத்துகிறான். வாதில் வெல்வதற்காகவோ, போட்டியினாலோ, தன்னை உயர்த்திக் காட்டவோ தான் பேசவில்லை. எடுத்த காரியத்தின் கனம் கருதியே பேசுவதாகச் சொல்கிறான். அதன்பின் பிறர் கூறிய ஒவ்வொரு கருத்தையும் எடுத்து, அதில் உள்ள இடர்ப்பாட்டை விளக்குகிறான். எதிரே வந்து நிற்பவனிடம் ஒற்றரை ஏவுவதில் பயன் என்ன? நல்லெண்ணத்தோடு வந்த அறிவாளியைத் திடீரென்று கேள்விகளால் துளைத்தால், நட்பாக வேண்டியவன் விலகிப் போகமாட்டானா? தீயவனிடமிருந்து நல்லவனிடம் வருவதற்கு இதைவிடத் தக்க காலம் எது? இப்படிக் கருத்தை மட்டுமே தொட்டுப் பேசுகிறான். சொன்னவர் எவரையும் குறைத்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. இறுதியில், தனக்குத் தோன்றியதைச் சொல்லிவிட்டதாகவும், முடிவு இராமனுடையது என்றும் கூறி அமைகிறான்.

குழந்தைகளுக்குக் கற்பிக்க வேண்டிய முறை முழுவதும் இதில் இருக்கிறது. ஏன் பேசுகிறேன் என்று முதலில் சொல்லுதல், பிறர் சொன்னதைச் சரியாகக் கேட்டு எடுத்துரைத்தல், ஆளை விட்டுக் கருத்தைத் தொடுதல், காரணம் காட்டுதல், முடிவைத் தன் கையில் பிடித்துக்கொள்ளாமல் விடுதல். எட்டு வயதுக் குழந்தைக்கும் இதனைப் பழக்கலாம். 'பாட்டா, நீங்க சொன்னது புரியுது. எனக்கு வேற மாதிரித் தோணுது, சொல்லட்டுமா?' என்று கேட்கப் பழகிய குழந்தை, 'உங்களுக்கு ஒண்ணும் தெரியாது' என்று சொல்லும் தேவையே இல்லாமல் வளரும்.

இந்தக் காட்சியில் அனுமனுக்கு நிகராகப் போற்றத் தக்கவர் இராமபிரான். கேட்கும் காது இருந்ததால்தான் சொல்லும் வாய் பணிவோடு பேசியது. முடிவு சொன்ன பின்னும் சுக்ரீவனின் ஐயம் தீரவில்லை. அவன் மீண்டும் மறுக்கிறான். இராமபிரான் சினக்கவில்லை. சரணடைந்தவரைக் காப்பது தன் விரதம் என்பதை அவன் மனம் ஏற்கும்வரை எடுத்துரைக்கிறார். சுக்ரீவன் தெளிந்து இசைகிறான். அப்போது, விபீஷணனை அழைத்து வரும் பொறுப்பை அந்தச் சுக்ரீவனிடமே ஒப்படைக்கிறார். யாருடைய கருத்து நிலைபெறவில்லையோ, அவனுக்கே அந்தப் பெருமை. வாதத்தில் தோற்றவனைத் தலைகுனிய விடாத அறம் இது. இரு பேரக் குழந்தைகளின் வழக்கைத் தீர்த்து வைக்கும் பெரியவர்கள், தீர்ப்புக்குப் பின் தோற்ற குழந்தையின் கையில் ஒரு பொறுப்பைக் கொடுத்தால், அந்த வீட்டில் வன்மம் தங்காது.

எல்லா வழக்குகளிலும் ஒருவர் சொல்வது சரி, மற்றவர் சொல்வது தவறு என்று அமைந்துவிடுவதில்லை. இரு பக்கமும் நியாயம் இருக்கும்போது என்ன செய்வது? அதற்கு விடை சொல்கிறது இத்தலத்தின் வரலாறு. ஞானாரண்யம் என்று வழங்கிய இவ்விடத்தில் அத்திரி முனிவரின் ஆசிரமம் இருந்தது. மும்மூர்த்திகளும் முதிய அந்தணர்களாக வந்து அனசூயையிடம் அன்னம் கேட்டனர். ஆடையின்றிப் பரிமாற வேண்டும் என்பது அவர்கள் இட்ட நிபந்தனை. பசித்து வந்தவரை மறுத்தால் விருந்தறம் கெடும். இசைந்தால் கற்பறம் கெடும். அன்னை அவர்களைச் சபிக்கவில்லை, அடிபணியவும் இல்லை. கணவரின் பாத தீர்த்தத்தைத் தெளித்தாள். மூவரும் பச்சிளங் குழந்தைகள் ஆயினர். இரண்டு அறங்களும் பிழைத்தன. கணவரைத் தேடி முப்பெருந்தேவியரும் வந்து வேண்டியபோது, வென்ற செருக்குச் சிறிதும் இன்றி மூவரையும் பழைய உருவில் திருப்பித் தந்தாள்.

இரண்டு வழிகளும் அடைபட்டதாகத் தோன்றும்போது மூன்றாவது வழி ஒன்றைத் தேடுவதே அனசூயை காட்டிய நெறி. பிரதோஷத்துக்குப் பேரனும் வர வேண்டும் என்கிறார் பாட்டி. அன்று மாலை பள்ளியில் கபடிப் போட்டி என்கிறான் பேரன். 'சாமியை விட விளையாட்டு பெரிதா?' என்று கேட்டால் வழக்கு முற்றும். பாட்டியின் உண்மையான விருப்பம் என்ன? பேரன் இறைவனை மறவாதிருக்க வேண்டும். பேரனின் உண்மையான தேவை என்ன? தன்னை நம்பிய அணியைக் கைவிடாதிருக்க வேண்டும். இரண்டும் நல்லவை, ஒன்றோடொன்று மோதவும் இல்லை. காலையில் நடை திறந்ததும் இருவரும் சேர்ந்து தரிசித்து வந்தால் இரண்டும் நிறைவேறும். பாட்டியின் விருப்பத்தைப் பேரனும், பேரனின் தேவையைப் பாட்டியும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாலே பாதி வழக்கு கரைந்துவிடும்.

அன்று மூவராக வந்து ஒன்றாய் அமர்ந்த இறைவனே தாணுமாலயன். தாணு என்பது சிவபிரான். மால் என்பது திருமால். அயன் என்பது நான்முகன். சைவரும் வைணவரும் தத்தம் இறைவனைப் பற்றி வாதிட்ட நாட்டில், ஒருவர் பெயரையும் அழிக்காமல் மூன்று பெயரையும் சேர்த்து அழைத்த ஊர் இது. வேறுபாட்டை மறைக்காமலே ஒற்றுமை காண முடியும் என்பதற்கு இந்தத் திருநாமத்தை விடச் சிறந்த சான்று குழந்தைக்குத் தேவையில்லை.

வழக்கை எவ்வாறு தீர்க்கக் கூடாது என்பதையும் சுசீந்திரம் அறிந்திருக்கிறது. கௌதம முனிவரின் சாபம் பெற்ற இந்திரன் இங்கே கொதிக்கும் நெய்யில் மூழ்கித் தூய்மை அடைந்தான் என்பது தல வரலாறு. சுசி என்றால் தூய்மை. தன் குற்றத்தைத் தானே உணர்ந்து இந்திரன் ஏற்ற தவம் அது. பிற்காலத்தில் அதுவே பிறர்மீது சுமத்தப்படும் சோதனையாக மாறியது. ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரிகள் இத்திருக்கோயிலில் கொதிக்கும் நெய்யில் கையை விட்டுத் தம் தூய்மையை மெய்ப்பிக்க வேண்டும் என்ற வழக்கம் நிலவியது. 'கைமுக்கு' என்பது அதன் பெயர். கை வெந்தால் குற்றவாளி, வேகாவிட்டால் நிரபராதி. 1829 முதல் 1846 வரை திருவிதாங்கூரை ஆண்ட சுவாதித் திருநாள் மகாராஜா இதனை நிறுத்தினார். இறைவன் பெயரால் மனிதரை அச்சுறுத்திப் பெறும் விடை உண்மையாகாது என்பதை அரசு ஏற்ற நாள் அது.

நெய்க் கொப்பரை போய்விட்டது. சிறிய கைமுக்குகள் மட்டும் வீடுகளில் தொடர்கின்றன. 'பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும்' என்று மிரட்டுவதும், விளக்கின் முன் நிறுத்திச் சத்தியம் வாங்குவதும் வேறென்ன? அண்ணன் தம்பி சண்டையில் யார் முதலில் அடித்தது என்பதை அறிய இறைவனைக் காவலராக நிறுத்தினால், குழந்தைக்கு உண்மையின்மீது பற்று வளராது. இறைவன்மீது அச்சமே வளரும். இருவரையும் தனித்தனியே அமர்த்தி, இடைமறிக்காமல் கேட்டு, பின்பு ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்லச் செய்தால், உண்மை தானே வெளிவரும். அதற்குக் கால் மணி நேரப் பொறுமை வேண்டும். அந்தக் கால் மணி நேரமும் வழிபாட்டின் ஒரு பகுதியே.

இவையெல்லாம் பிள்ளைகள் தவறும்போது கொள்ள வேண்டிய நெறிகள். பெரியவர்கள் பக்கமே தவறு இருந்தால்? இந்தக் கடினமான கேள்வியைச் சுசீந்திரத்தின் தேர் வீதிகள் ஒரு காலத்தில் எதிர்கொண்டன. திருக்கோயிலைச் சுற்றியுள்ள அந்த வீதிகளில் நடப்பதற்கே ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு உரிமை இல்லாதிருந்தது. அதே நிலை நிலவிய வைக்கத்தில் 1924ஆம் ஆண்டு சத்தியாக்கிரகம் தொடங்கியது. அவ்வாண்டு நவம்பரில், தடையால் எந்த இழப்பும் அடையாத மேல்சாதியினர் பலர், தடையை நீக்குமாறு வேண்டித் திருவனந்தபுரத்துக்கு நடந்தே சென்றனர். வைக்கத்திலிருந்து புறப்பட்ட அணிக்கு மன்னத்து பத்மநாபனும், நாஞ்சில் நாட்டிலிருந்து புறப்பட்ட அணிக்கு டாக்டர் எம்.இ.நாயுடுவும் தலைமை தாங்கினர். மேல்சாதியினர் 25,000 பேருக்கு மேல் கையெழுத்திட்ட விண்ணப்பம் மகாராணி சேது லட்சுமி பாய் அவர்களிடம் அளிக்கப்பட்டது. தம் குடும்பமும் குலமும் காத்துவந்த வழக்கத்தையே மறுத்தவர்கள் அவர்கள். கடவுளை மறுக்கவில்லை, கடவுளின் வீதியில் பிறரும் நடக்க வேண்டும் என்றே கேட்டார்கள்.

1925 மார்ச்சில் காந்தியடிகள் வைக்கம் வந்தபோது, எதிர்த்தரப்புத் தலைவரான இண்டந்துருத்தி நம்பியாதிரியின் இல்லத்துக்குத் தாமே சென்றார். அங்கே அவர் வீட்டுக்குள் அழைக்கப்படவில்லை; புறத்தே அமர்ந்துதான் பேச வேண்டியிருந்தது. அந்த நிலையிலும் அவர் மரியாதை குன்றாமல் நெடுநேரம் உரையாடினார். சாத்திரத்தைச் சேர்ந்து ஆராய்வோம், நடுவர் வைத்துத் தீர்ப்போம், மக்களின் கருத்தைக் கேட்போம் என்று வழிகளை முன்வைத்தார். எதிர்த்தரப்பு இசையவில்லை. வாதத்தில் இசையாதவரின் வாசலுக்கும் நடந்து செல்லலாம் என்பதை அன்று அவர் காட்டினார்.

1926 ஜனவரியில் சத்தியாக்கிரகம் சுசீந்திரத்துக்கே வந்தது. டாக்டர் எம்.இ.நாயுடு முதலானோர் முன்னின்று நடத்தினர். இடையில் நின்ற போராட்டம் 1930இல் மீண்டும் எழுந்தது. 1936 நவம்பர் 12ஆம் நாள் சித்திரைத் திருநாள் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை வெளியிட்டார். வீதிகள் மட்டுமல்ல, கருங்கல் மண்டபங்களும் எல்லா இந்துக்களுக்கும் திறந்தன. இன்று தாணுமாலயன் திருக்கோயிலில் வரிசையில் நிற்கும் குடும்பங்களுள் எத்தனையோ குடும்பங்களின் முன்னோர், அந்த நாளுக்கு முன் கோபுரத்தைத் தொலைவில் நின்றே கும்பிட்டவர்கள்.

இந்த வரலாற்றைப் பேரக் குழந்தைகளுக்குச் சொல்லும்போது ஓர் உண்மையை மறைக்கலாகாது. பணிவோடு கேட்டவர்களுக்கு உடனே நீதி கிடைத்துவிடவில்லை. வீதிகளைத் திறக்கக் கோரிய தீர்மானம் 1925இல் சட்டமன்றத்தில் 22க்கு 21 என்று ஒரே வாக்கில் தோற்றது. விண்ணப்பத்துக்கும் பிரகடனத்துக்கும் இடையே 12 ஆண்டுகள். அந்த இடைவெளியில் வாசலுக்கு வெளியிலேயே நின்று மறைந்த முதியவர்கள் எத்தனை பேரோ! தாமதத்துக்குக் காரணம் கேட்டவரின் பணிவன்று. கேட்க வேண்டியவரின் செவி. மரியாதையாகச் சொல்லப்பட்டதை மரியாதையாகக் கேட்காத இடத்தில், மரியாதை பயனற்றது என்ற பாடத்தைத்தான் அடுத்த தலைமுறை கற்கும்.

ஆகவே பிள்ளைகளுக்குப் பணிவைக் கற்பிக்கும் பொறுப்பில் பெரும்பாதி பெரியவர்களின் காதில் இருக்கிறது. பேரன் மெதுவாக ஒன்றைச் சொன்னபோது செய்தித்தாளைத் தாழ்த்திக் கேட்காத தாத்தா, அவன் உரக்கச் சொன்னபோது திரும்பிப் பார்த்தால், உரக்கச் சொல்வதே பலிக்கும் என்று அவன் அறிந்துகொள்வான். 'நீ சொல்வது சரி. இது எனக்குத் தோன்றவில்லை' என்று எழுபது வயதில் ஒருவர் சொல்லக் கேட்ட குழந்தை, தானும் ஒருநாள் தவற்றை ஒப்புக்கொள்ள அஞ்சாது. இசைய முடியாத இடத்திலும், முடியாது என்பதன் காரணத்தைச் சொல்லலாம். காரணம் பெற்ற குழந்தை தோற்றாலும் அவமானப்படுவதில்லை.

இன்னும் ஒன்று உண்டு. சுசீந்திரத்தில் அர்த்தசாம பூஜையை இந்திரனே வந்து செய்வதாக ஐதீகம். இரவு வைத்துச் சென்ற பூஜைப் பொருள்கள் காலையில் மாறியிருக்கக் காணலாம் என்பதால், இரவுப் பூஜை செய்த அர்ச்சகர் மறுநாள் காலை நடை திறப்பதில்லை, வேறொருவரே திறப்பார். அகத்தே கண்டதைப் புறத்தே கூறேன் என்று இங்குள்ள அர்ச்சகர்கள் உறுதிமொழி ஏற்பது வழிவழி வந்த மரபு. வீட்டு வழக்குகளுக்கும் இவ்வுறுதி பொருந்தும். பேத்தி அழுதுகொண்டு சொன்னதை, கோபத்தில் பேரன் கொட்டிய சொல்லை, மறுநாள் வந்த உறவினர் முன் சிரிப்புக்காகச் சொல்லிவிட்டால், அந்தக் குழந்தை அப்பெரியவரிடம் மீண்டும் மனம் திறக்காது. குழந்தைக்குத் தீங்கு நேர்வதாக ஒரு செய்தி வந்தால் மட்டும் அதை மறைத்தல் தகாது. உரியவரிடம் உடனே சொல்லிக் காக்க வேண்டும். மற்றவை எல்லாம் கருவறையில் கண்டவை போலக் காக்கத் தக்கவை.

தீபாராதனை முடிந்து வீடு திரும்பும் வழியில் பேரனோ பேத்தியோ ஏதேனும் ஒன்றை மறுத்துக் கேட்கக்கூடும். அந்தக் கேள்விக்கு நின்று செவி கொடுப்பவர், அன்றைய பிரசாதத்தில் ஒரு பங்கை வீட்டுக்குக் கொண்டுபோனவர் ஆவார்.